தீவு ஏர்போர்ட்: சீட் இருந்தும் ஏன் டிக்கெட் குடுக்க மாட்டேங்குறாங்க?

2024 டிசம்பர் 20ல இருந்து லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுல பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்ப ஃப்ளைட் ஓட ஆரம்பிச்சதும், பாண்டி கடலூர் பக்கம் ஊர் சுத்துற ஆளுங்க நிறைய பேர் லட்சத்தீவு பத்தி விசாரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. காரணம் சிம்பிள், பெங்களூர்ல இருந்து அகத்தி தீவுக்கு 2024 மார்ச் 31லேயே நேரடி ஃப்ளைட் வந்தாச்சு, அதனால பாண்டில ஏறி பெங்களூர்ல மாறினா தீவு. ரெண்டுமே ஒரே கம்பெனி, ரெண்டுமே ஏடிஆர்-72னு சொல்ற ரெக்கை மேல காத்தாடி வெச்ச விமானம், 78 சீட்டு. அப்புறம் ஏன் அகத்திக்கு மட்டும் எல்லா சீட்டையும் விக்கிறதில்ல, லேசா மேகம் மூடினாலும் ஏன் இறங்காம திரும்பிடுறாங்க, இதான் கேள்வி. இத கொஞ்சம் பொறுமையா ஆரம்பத்துல இருந்து சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சிட்டா தீவு ஏர்போர்ட்னா என்னங்கறதே புரிஞ்சிடும்.

முதல்ல நம்ம ஊர்லயே ஆரம்பிக்கலாம். பெங்களூர்ல இருந்து வர்ற விமானம் லாஸ்பேட்டை மேல வந்துடுச்சு, கீழ நல்ல மழை, ரன்வே தெரியல. பைலட் என்ன பண்ணுவார்? ஒரு தடவ கீழ இறங்கிப் பார்ப்பார், தெரியலன்னா இன்ஜின் வேகத்த கூட்டி மேல ஏறிடுவார், இதுக்கு கோ-அரவுண்ட்னு பேரு. கொஞ்ச நேரம் வட்டம் போட்டு பார்ப்பார், இன்னும் சரியாகலன்னா சென்னைக்குப் போயிடுவார். வான்வழியா சுமார் 120 கிலோமீட்டர்தான். சென்னையும் சரியில்லன்னா திருச்சி, சேலம், பெங்களூர்னு வரிசையா இருக்கு. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் நம்ம பாண்டிகிட்ட கரையக் கடந்தப்ப சென்னை ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, அன்னிக்கு வர வேண்டிய விமானங்கள்ல பல வேற ஊருக்குப் போச்சு, பயணிங்களுக்கு அலைச்சல்தான், ஆனா இறங்க ஒரு இடம் இருந்துச்சு.

இந்த "இன்னொரு இடம்" இருக்கு பாருங்க, விமானத் தொழில்ல இதுக்கு ஆல்டர்னேட்னு பேரு. ஒரு விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே, போற ஊர்ல இறங்க முடியலன்னா எங்க போவேன்னு பேப்பர்ல எழுதியாகணும், அங்க போறதுக்கான எண்ணெயையும் ஏத்தியாகணும். கணக்கு இப்படித்தான் போகும்: போய்ச்சேர எவ்வளவு வேணுமோ அது, வழியில காத்து மாறினா கை குடுக்க அதுல ஒரு 5 சதவீதம், ஆல்டர்னேட்டுக்குப் போற எண்ணெய், கடைசியா 30 நிமிஷம் வானத்துலயே சுத்துறதுக்கு ஒரு இருப்பு. அந்த கடைசி 30 நிமிஷத்த யாரும் தொடக்கூடாது, அதைத் தொடப் போறேன்னு தெரிஞ்சாலே பைலட் ரேடியோவுல மேடேங்குற ஆபத்துக் குரல் குடுத்தாகணும், அவ்வளவு கண்டிப்பு.

இப்ப அகத்திக்கு வாங்க. லட்சத்தீவுல இருக்குற ஒரே ஏர்போர்ட் அதான், 1988ல தொறந்தது. மேப்புல பார்த்தா தெரியும், தீவே மெலிசா நீளமா ஒரு கீத்து, அதோட தெக்கு முனையில ரன்வே, ரெண்டு பக்கமும் கடல், முனையிலயும் கடல். கொச்சில இருந்து சுமார் 459 கிலோமீட்டர். அங்க இறங்க முடியலன்னா அடுத்த ரன்வே எங்க இருக்கு? கேரளா, கர்நாடகா கரையிலதான், எப்படிப் பார்த்தாலும் 350 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல தண்ணி மட்டும்தான். அதாவது கொச்சில கிளம்புறவருக்கு ஆல்டர்னேட் எதுன்னு பார்த்தா, கிளம்பின கொச்சிதான், இல்லன்னா அதே கரையில இன்னொரு ஊரு. போறதுக்கும் எண்ணெய், அப்படியே திரும்பி வர்றதுக்கும் எண்ணெய்.

கடலூர் துறைமுகத்துல விசைப்படகு வெச்சிருக்கறவங்களுக்கு இத விளக்கவே வேணாம். தங்கல் மீன்பிடிக்கு போறப்ப டீசல் கணக்குப் போடுறாங்களே, போக இவ்வளவு, வலை போட்டு இழுக்க இவ்வளவு, திரும்ப இவ்வளவு, எதிர்நீரோட்டம் அடிச்சா அதுக்கு மேல ரெண்டு கேன், அதே கணக்குதான். வித்தியாசம் என்னன்னா படகு இன்ஜின் நின்னா மிதக்கும், வயர்லெஸ்ல கூப்பிட்டு பக்கத்துப் படகு வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

சரி, எண்ணெய்தானே, டேங்க்க முழுசா ரொப்பிட்டுப் போக வேண்டியதுதானேன்னு தோணும். இங்கதான் மேட்டரே இருக்கு. ஏடிஆர்-72 ஒரு மணி நேரத்துக்கு தோராயமா 650 கிலோ எண்ணெய் குடிக்கும், (விமான எண்ணெய லிட்டர்ல இல்ல, எடையிலதான் கணக்கு வைப்பாங்க, எடைதான் அவங்களுக்கு முக்கியம்.) புரியறதுக்காக ரவுண்டா எடுத்துக்கறேன். ஒண்ணேகால் மணி நேரப் பயணத்துக்கு 800 கிலோ, 5 சதவீதம்னா 40, கடைசி இருப்பு 300. ஆல்டர்னேட் நம்ம சென்னை மாதிரி பக்கத்துல இருந்தா அதுக்கு ஒரு 200 போதும், மொத்தம் 1,340 கிலோ. ஆல்டர்னேட்டே கிளம்பின ஊர்னா அந்த 200 இருந்த இடத்துல 800 வரும், மொத்தம் 1,940. வித்தியாசம் 600 கிலோ. ஒரு ஆள், அவரோட பெட்டி, கைப்பை எல்லாம் சேர்த்து 95 கிலோன்னு வெச்சா ஆறு பேரோட எடை. அந்த ஆறு சீட்டுல ஆள் உக்காரலன்னா அங்க எண்ணெய் உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

இது பாதிதான், மீதிப் பாதி ரன்வே. லாஸ்பேட்டை ரன்வே சுமார் 1,500 மீட்டர். அதனாலதான் அங்க பெரிய ஜெட் வர்றதில்ல, நீட்டணும்னா தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேணும், அந்தப் பேச்சு வருஷக்கணக்கா ஓடுது. அகத்தி ரன்வே அதை விட சின்னது, 1,204 மீட்டர். ஏடிஆர்-72 முழு எடையோட கிளம்ப சுமார் 1,300 மீட்டர் வேணும், இறங்கி நிக்க 900 மீட்டர் சொச்சம் போதும்.

900ன்னா 1,204ல தாராளமா நிக்குமேன்னு நினைக்கலாம், நிக்கும்தான், ஆனா விதி அப்படி விடாது. கிளம்புறதுக்கு முன்னாடி போடுற கணக்குல, காத்தாடி விமானம் ரன்வேயோட 70 சதவீதத்துக்குள்ள நின்னாகணும், ஜெட்டா இருந்தா 60 சதவீதத்துக்குள்ள. பைலட் கொஞ்சம் தள்ளி தொட்டாலோ, வேகம் கொஞ்சம் கூட இருந்தாலோ, பிரேக் எதிர்பார்த்த மாதிரி புடிக்கலன்னாலோ மிச்ச 30 சதவீதம் காப்பாத்தும். 1,204ல 70 சதவீதம்னா சுமார் 840 மீட்டர். ரன்வே ஈரமா இருக்கும்னு தெரிஞ்சா அதுக்கு மேல இன்னும் 15 சதவீதம் கூடுதல் இடம் விடணும், அப்ப கையில இருக்குறது சுமார் 730 மீட்டர். 900 வேணும்ங்குற விமானத்த 730க்குள்ள நிறுத்தணும்னா ஒரே வழிதான், எடையக் குறைக்கணும். நம்ம ஊர் 1,500ல 70 சதவீதம் 1,050 வந்துடுது, அதனால லாஸ்பேட்டையில இந்தப் பிடி இவ்வளவு இறுக்கமா இல்ல.

ஏடிஆர் இறங்குறத ஒரு தடவ கிட்ட இருந்து கவனிங்க, லாஸ்பேட்டை ரன்வே பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு காதே சொல்லும். சக்கரம் தொட்டதும் ஒரு கணம் சத்தம் அடங்கும், அடுத்த நொடியே காத்தாடி இலைங்க தன் கோணத்தையே திருப்பிக்கிட்டு காத்த முன்பக்கமா தள்ள ஆரம்பிக்கும், அப்ப ஒரு முரட்டு உறுமல் வரும் பாருங்க, உள்ள உக்காந்திருக்கறவங்க உடம்பு முன்னாடி சாயும். பிரேக் மட்டும் இல்லாம காத்தாடியே இழுத்துப் புடிக்குது. சின்ன ரன்வேக்கு இந்த வகை விமானம் ஏத்ததா இருக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்ப ரெண்டையும் சேர்த்து வைங்க. நடுக்கடல்ல இருக்குறதால தீவு என்ன கேக்குது, திரும்பிப் போற எண்ணெயோட வா, கனமா வா. ரன்வே என்ன கேக்குது, லேசா வா. ரெண்டும் நேர் எதிர். விமானத்தோட சொந்த எடையக் குறைக்க முடியாது, எண்ணெயக் குறைக்கக் கூடாது, மிச்சம் இருக்குறது ஆளும் லக்கேஜும்தான். அதனாலதான் சீட் இருந்தும் டிக்கெட் இல்ல. ஏர்லைன்ஸ்ல இதுக்கு லோடு பெனால்டின்னு சொல்வாங்க. வெயில் ஏறினா இன்னும் மோசம், சூடான காத்து லேசாயிடும், ரெக்கைக்கும் காத்தாடிக்கும் பிடிமானம் குறையும், கிளம்ப கூடுதல் தூரம் ஓடணும், அதே விமானம் காலைல தூக்குற எடைய மத்தியானம் தூக்காது. எதிர்காத்து கொஞ்சம் அடிச்சா நல்லது, தூரம் குறையும், பின்காத்து அடிச்சா அன்னிக்கு இன்னும் நாலு பேர கீழ விட வேண்டி வரலாம். இந்த கணக்க ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் அன்னன்னிக்கு காத்து, சூடு, ஈரம் பார்த்துப் போடுறாங்க, அதனாலதான் நேத்து போன அளவு ஆளு இன்னிக்கு போகாம இருக்கலாம்.

இதுக்கு அடுத்து தெரிஞ்சுக்க வேண்டியது பாயிண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன். பேரக் கேட்டாலே பயமா இருக்கும், உண்மையில அது ஒரு பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு தீவு 1,000 கிலோமீட்டர் தூரத்துல இருக்குன்னு வைங்க. கடைசி இருப்பத் தொடாம 3 மணி நேரம் பறக்க எண்ணெய் இருக்கு. விமான வேகம் 500, ஆனா போறப்ப எதிர்காத்து 50, அதனால போற வேகம் 450, திரும்பறப்ப அதே காத்து பின்னாடி தள்ளும், 550. எவ்வளவு தூரம் போயிட்டு பத்திரமா வீடு திரும்பலாம்? 3ஐ 550ஆல பெருக்கி, ரெண்டு வேகத்தோட கூட்டுத்தொகை 1,000ஆல வகுங்க, 1.65 மணி நேரம் வரும், அதாவது 1 மணி 39 நிமிஷம், தூரம் சுமார் 742 கிலோமீட்டர். சரிபார்க்கணும்னா, 742ஐ 550 வேகத்துல திரும்பி வர 1 மணி 21 நிமிஷம், ரெண்டையும் கூட்டினா சரியா 3 மணி நேரம்.

அந்த 742ஆவது கிலோமீட்டர்ல கடல் மேல கோடு எதுவும் இருக்காது, ஆனா பைலட் மனசுல இருக்கும். அதுக்கு முன்னாடி தீவோட வானிலைய ரேடியோவுல கேட்டாகணும், காத்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுது, மேகம் எவ்வளவு கீழ நிக்குது. நல்லா இருந்தா போகலாம், சந்தேகம்னா அங்கயே திரும்பிடணும், தாண்டிட்டா அப்புறம் தீவு ஒண்ணுதான் கதி. இதுல ஒரு சுவாரசியம் இருக்கு, காத்தே இல்லன்னா அந்தக் கோடு 750 கிலோமீட்டர்ல இருக்கும், காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும், எதிர்லயோ பின்னாலயோ, கோடு கரைய நோக்கி கிட்ட வந்துடும், போட்டுப் பாருங்க, வேகத்த 400ம் 600ம் ஆக்கினா 720தான் வரும். பின்காத்து அடிச்சா லாபம்னு நினைப்போம், திரும்பற வழியில அது மொத்தத்தையும் வட்டியோட வாங்கிக்கும்.

அந்தமான் போற ஃப்ளைட் பாதி வழியில சென்னைக்கே திரும்பிடுச்சுன்னு அப்பப்ப செய்தி வரும், நம்ம பக்கத்துல அந்தமான்ல சொந்தக்காரங்க இருக்குற குடும்பங்க நிறைய, அவங்க இத அனுபவிச்சிருப்பாங்க. சென்னைல இருந்து சுமார் 1,370 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்கு மேல பறந்து போய் மேல சுத்திட்டு, திரும்ப அதே சென்னைல வந்து இறங்குனா யாருக்குத்தான் கோவம் வராது. ஆனா அந்த விமானம் திரும்பி வந்து இறங்குச்சுன்னா, திரும்பி வர்ற எண்ணெயும் சேர்த்துத்தான் கிளம்பியிருக்குன்னு அர்த்தம், அதாவது கணக்குப் போட்டவர் அவர் வேலைய ஒழுங்காப் பண்ணியிருக்கார்.

ஒழுங்காப் பண்ணலன்னா என்ன ஆகும்னு ஒரு சம்பவம் சொல்றேன். ஆஸ்திரேலியாவுக்கு கிழக்க பசிபிக் கடல்ல நார்ஃபோக்னு ஒரு சின்ன தீவு. 2009 நவம்பர் 18, சமோவா நாட்டோட ஆப்பியாவுல இருந்து ஒரு நோயாளிய மெல்போர்ன் கொண்டுபோக ஒரு சின்ன ஆம்புலன்ஸ் ஜெட் கிளம்புச்சு, நார்ஃபோக்ல இறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு போறதா ப்ளான். டேங்க் முழுசா ரொப்பாமத்தான் கிளம்பினாங்க. கிளம்பறப்ப தீவுல வானிலை பரவால்ல, போகப் போக மேகம் கீழ இறங்கிக்கிட்டே வந்துச்சு. வேற பக்கம் போகலாம்னா அடுத்த ஏர்போர்ட் நியூ கலிடோனியாவுல, நூத்துக்கணக்கான கிலோமீட்டர். தீவுக்கு வந்து சேர்றப்ப ராத்திரி, ஒரு தடவ இறங்கிப் பார்த்தாங்க, ரன்வே தெரியல, மறுபடி, மறுபடி. எண்ணெய் தீர்றதுக்கு முன்னாடி, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, இருட்டுல கடல்லயே இறக்கிட்டாங்க. உள்ள இருந்த ஆறு பேரும் தண்ணில மிதந்தாங்க. விமானம் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு கரையில யாருக்கும் சரியாத் தெரியல, தேடிப் போன தீயணைப்பு வீரர் ஒருத்தர் கண்ணுல தூரத்துல கடல்ல ஒரு டார்ச் வெளிச்சம் பட்டுச்சு, அத வெச்சு படகு போய் ஆறு பேரையும் உயிரோட தூக்கிட்டு வந்தாங்க. தீவு ஏர்போர்ட் கணக்கு எவ்வளவு முக்கியம்னு யார் கேட்டாலும் நான் சொல்ற சம்பவம் இதான்.

ரன்வே பெருசா இருந்தா எல்லாம் சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவு இருக்கு, பெரிய கல் தலைங்க வரிசையா நிக்குமே அந்தத் தீவுதான். சான்டியாகோவுல இருந்து 3,700 கிலோமீட்டருக்கு மேல. அங்க ரன்வே 3,300 மீட்டருக்கும் மேல, ஏன்னா நாசாவோட ஸ்பேஸ் ஷட்டில் அவசரத்துக்கு இறங்கணும்னு 1980கள்ல நீட்டி விட்டாங்க. எவ்வளவு பெரிய ஜெட்டும் இறங்கலாம். ஆனா ரன்வே ஒண்ணே ஒண்ணுதான். இறங்கின விமானம் டயர் வெடிச்சு நடு ரன்வேயில நின்னுட்டா, பின்னாடி வர்ற இன்னொண்ணு எங்க போகும்? அதனால முதல் விமானம் இறங்குற வரைக்கும் அடுத்தத அந்தத் திரும்ப முடியாத கோட்டைத் தாண்ட விடுறதில்ல. இந்த மாதிரி ஆல்டர்னேட்டே சாத்தியம் இல்லாத இடத்துக்கு ஐசோலேட்டட் ஏரோட்ரோம்னு உலக விதியில தனிப் பிரிவே இருக்கு, அங்க போற ஜெட்டுக்கும், டர்போப்ராப்னு சொல்ற காத்தாடி விமானத்துக்கும் ஆல்டர்னேட் எண்ணெய்க்குப் பதிலா, தீவு மேல வந்து சேர்ந்ததுக்கு அப்புறமும் ரெண்டு மணி நேரம் பறக்குற எண்ணெய் மிச்சம் இருக்கணும், அந்த 30 நிமிஷ இருப்பும் அதுக்குள்ள அடக்கம். மழை மேகமோ மூடுபனியோ ரெண்டு மணி நேரத்துல விலகிடும்னு ஒரு நம்பிக்கை, அதுக்கான நேரம்.

இன்னொரு இடம், எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம், செயின்ட் ஹெலினா. நெப்போலியன நாடு கடத்தி வெச்சிருந்தாங்களே, 1821ல அங்கயே செத்தும் போனாரே, அந்தத் தீவு. தெற்கு அட்லாண்டிக் கடல்ல ஆப்பிரிக்கக் கரையில இருந்து 1,900 கிலோமீட்டர் வாக்குல இருக்கு, ஜனத்தொகை சுமார் 4,500. ரொம்ப காலம் கேப்டவுன்ல இருந்து கப்பல் ஒண்ணுதான், போய்ச்சேர அஞ்சாறு நாள். பிரிட்டிஷ் அரசு 28.5 கோடி பவுண்ட் செலவு பண்ணி ஏர்போர்ட் கட்டுச்சு, சமதளமே இல்லாத எரிமலைத் தீவு, ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி மூடி ரன்வே போட்டாங்க. 2016 மே மாசம் திறப்பு விழா, எல்லாம் ரெடி. ஏப்ரல்ல ஒரு போயிங் 737 சோதனைக்கு வந்து இறங்குச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது காத்தோட வேலை. கடல்ல இருந்து அடிக்கிற காத்து செங்குத்தான பாறைச் சுவர்ல மோதி, ரன்வே தொடங்குற இடத்துல மேலயும் கீழயுமா சுழலுது, சில நொடியில காத்தோட வேகமும் திசையும் மாறிடுது. இதுக்கு விண்ட் ஷியர்னு பேரு, தரைக்குக் கிட்ட, வேகம் குறைவா இருக்கும்போது இது அடிச்சா விமானம் பொசுக்குனு கீழ இறங்கிடும், சரி பண்ண உயரமும் இல்ல. திறப்பு விழாவத் தள்ளி வெச்சாங்க. பெரிய 737 வேணாம், சின்ன எம்ப்ரேயர் ஜெட் போதும், ஆளக் குறைச்சு ஏத்துங்க, அந்த ஏர்போர்ட்டுக்குன்னு தனியாப் பயிற்சி எடுத்த பைலட் மட்டும் ஓட்டட்டும்னு முடிவாகி, 2017 அக்டோபர் 14ல முதல் வழக்கமான பயணிகள் ஃப்ளைட் போச்சு. அவ்வளவு பணம் போட்டும் கடைசில காத்து சொன்னபடிதான் விமானம் மாறுச்சு, தீவுல எப்பவும் அப்படித்தான்.

ஸ்காட்லாந்துல பாரான்னு ஒரு தீவு இருக்கு, அங்க ரன்வேயே கடற்கரை மணல்தான், ஓதம் ஏறினா ரன்வே தண்ணிக்குள்ள போயிடும், அதனால ஃப்ளைட் டைம்டேபிள ஓதம் பார்த்துத்தான் போடுறாங்க. நம்ம கடலூர்க் கரையில தேவனாம்பட்டினத்துலயோ தாழங்குடாவுலயோ இருக்குறவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

இவ்வளவு நேரம் விமானத்துக்குள்ள இருந்து பார்த்தோம், ஏர்போர்ட் பக்கம் என்ன இருக்கணும்? சின்னதுன்னாலும் சிலத விட முடியாது. முதல்ல தீயணைப்பு. விமானத்தோட நீளத்தையும் உடம்பு அகலத்தையும் வெச்சு தீயணைப்புக்கு கேட்டகரி போடுவாங்க, ஏடிஆர்-72 நீளம் 27 மீட்டர் சொச்சம், அதுக்கு கேட்டகரி 5. அந்த அளவுக்குத் தண்ணியும் நுரையும் வண்டியும் தயாரா இல்லன்னா விமானம் வர முடியாது, கூப்பிட்டா மூணு நிமிஷத்துக்குள்ள ரன்வேல எந்த இடத்துக்கும் வண்டி வந்து நுரை அடிக்கணும். பெரிய ஊர்ல வண்டி ரிப்பேர்னா இன்னொண்ணு இருக்கும், மெக்கானிக் இருப்பார், தீவுல ஒரு பம்ப் பழுதானா சாமான் கப்பல்ல வரணும். அந்த ஒரு பம்ப்பால மொத்த ஃப்ளைட்டும் நிக்கலாம்.

அப்புறம் வானிலை பார்க்குற ஆளு. என்னக் கேட்டா தீவு ஏர்போர்ட்ல ரொம்ப முக்கியமானவர் இவர்தான். மேகம் எவ்வளவு உயரத்துல நிக்குது, எவ்வளவு தூரம் கண்ணு போகுது, காத்து எத்தன நாட் வேகம்னு அவர் குடுக்குற ரிப்போர்ட்ட நம்பித்தான் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துல ஒரு பைலட் போறதா திரும்புறதான்னு முடிவெடுக்கறார். அப்புறம் ரன்வே ஓரத்துல நாலு விளக்கு இருக்கும், பாப்பின்னு பேரு, சாயங்காலத்துல தூரத்துல இருந்தே தெரியும். சரியான சரிவுல வந்தா ரெண்டு வெள்ளையாவும் ரெண்டு சிவப்பாவும் தெரியும். நாலும் வெள்ளைன்னா ரொம்ப மேல இருக்கீங்க, நாலும் சிவப்புன்னா ரொம்பக் கீழ. கடல் மேல வர்றப்ப உயரத்த கண்ணால கணிக்கிறது கஷ்டம், மரம் இல்ல, வீடு இல்ல, ஒரே தண்ணி, அதனால இந்த நாலு விளக்கு தீவுல ரொம்ப ஒத்தாசை.

உப்புக்காத்து, பறவை இது ரெண்டையும் சொல்லாம விட முடியாது. உப்பு இன்ஜினுக்குள்ள போய் படியும், அதனால கடலோரம் பறக்குற இன்ஜினுக்கு அடிக்கடி உள்ள தண்ணி விட்டுக் கழுவணும். பறவைக்கு காரணம் சாப்பாடு, மீன் காயற இடமோ குப்பை கொட்டுற இடமோ ரன்வே பக்கத்துல இருந்தா காக்கா பருந்து வந்தே தீரும், அதனால கருவாடு எங்க காயப் போடுறாங்கங்கறது கூட விமானப் பாதுகாப்புல சேர்ந்த விஷயம்.

ரன்வேய நீட்டிட்டா என்னன்னு கேக்கலாம். அகத்திக்குப் பக்கத்துல கல்பட்டின்னு ஒரு குட்டித்தீவு, அதுவரைக்கும் நீட்டலாம்னு ஒரு யோசனை பல வருஷமா இருக்கு. நீட்டினா எடைப் பிரச்சனை தீரும், பெரிய விமானம் வரும். ஆனா நடுவுல இருக்குறது பவளப்பாறைக் கடல், அந்தப் பவளம்தான் தீவ அலையில இருந்து காப்பாத்துது, தீவே அதுல இருந்து உருவானதுதான். ரன்வேக்காக அதுல கை வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதுக்கு முன்னாடி, இருக்குற 1,204 மீட்டருக்கு ஏத்த சின்ன விமானங்கள கூடுதல் தடவ விடலாம், ஏடிஆர்-42 மாதிரி சின்னதுக்கு லோடு பெனால்டி குறையும்.

இதுல நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது சீட்டு யாருக்குங்கறத. கொச்சில இருந்து கப்பல்னா தீவப் பொறுத்து 14 மணி நேரத்துல இருந்து மேல ஆகும், மழைக்காலத்துல கடல் கொந்தளிச்சா அதுவும் நிச்சயம் இல்ல. நமக்கு நெஞ்சு வலின்னா கடலூர்ல இருந்து ஜிப்மருக்கு ஆம்புலன்ஸ்ல ஓடிடலாம், தீவுல இருக்கறவங்களுக்கு பெரிய ஆபரேஷன்னா கொச்சிதான், நடுவுல கடல். எடை கட்டுப்பாட்டால ஏற்கனவே குறைஞ்சு போன சீட்டுல, சுற்றுலா சீசன்ல டிக்கெட் விலை எகிறும்போது தீவுக்காரங்க, குறிப்பா ஆஸ்பத்திரிக்கு போறவங்க, அடிபட்டுடக் கூடாது. அவங்களுக்குன்னு கொஞ்சம் சீட் ஒதுக்கி வைக்கிறது ஞாயம், மீன் வாங்கவும் படம் எடுக்கவும் போற நாம அடுத்த நாள் போகலாம்.

போறதா முடிவு பண்ணவங்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேணும், அத வாங்கிட்டு டிக்கெட் போடுங்க. லக்கேஜ் கம்மியா எடுத்துட்டுப் போங்க, மேல சொன்ன கணக்கெல்லாம் உங்க பெட்டியையும் சேர்த்துத்தான். அகத்தில இருந்து கவரத்தி, பங்காரம் மாதிரி மத்த தீவுக்கு பெரும்பாலும் படகுலதான் போகணும், அதனால ஃப்ளைட் தாமதமானா படகு தவறிடும், முதல் நாள் ராத்திரி தங்குறத அகத்திலயே வெச்சுக்கோங்க. திரும்பி வர்றப்ப கொச்சிலயோ பெங்களூர்லயோ அதே நாள் ட்ரெயின், அதே நாள் பாண்டி ஃப்ளைட்டுன்னு ஒட்டி ஒட்டி புக் பண்ணாதீங்க, நடுவுல ஒரு நாள் விடுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் முடிஞ்சா தவிர்த்துடுங்க. ஒருவேளை தீவு மேல வந்து வட்டம் போட்டுட்டு பைலட் மைக்ல "நாம திரும்பறோம்"னு சொன்னா, கீழ இறங்கினதும் முதல்ல அடுத்த ஃப்ளைட்டுக்கு சீட் மாத்திக் குடுக்கச் சொல்லி கவுன்டர்ல நில்லுங்க, ஏன்னா அடுத்த விமானத்துலயும் எடைக் கணக்குப்படி சீட் கம்மியாத்தான் இருக்கும்.